பட்டினிப் பாத்தி

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, மக்காச்சோளம் முளைத்து ரெண்டிலை விட்டு நின்ற நல்ல வெயிலில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பழைய உரச் சோதனை வயலின் ஒன்பதாம் பாத்தி "பசிக்குது" என்று சொன்னது. கத்தவில்லை, முனகவில்லை, பூமி நடுங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பையைக் கழற்றிக்கொண்டே அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொல்லுமே, அந்த மாதிரி, கேட்டால் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையோடு சொன்னது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் மாராத்தாள் என்பவள், இருபத்திரண்டு வருஷமாக அந்த வயலில் தினக்கூலிக்கு வேலை செய்கிறவள், குனிந்த தலை நிமிராமல் "இரு கண்ணு, வாரேன்" என்று பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று நிமிர்ந்து பார்த்தாள். பாத்தியில் அவள் நிழலையும் நோஞ்சான் பயிரையும் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அந்த வயலில் மொத்தம் நாற்பது பாத்திகள். ஒன்றுக்குச் சாணி எரு, ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்கு இரண்டும் கலந்து, ஒன்றுக்கு வேப்பம் புண்ணாக்கு என்று ஆளுக்கொரு இலை போட்டுப் பந்தி பரிமாறிவிட்டு, ஒன்பதாம் பாத்திக்கு மட்டும் அறுபத்து மூன்று வருஷமாக ஒன்றுமே போடாமல் வைத்திருந்தார்கள். போட்டால் என்ன விளையும் என்று சொல்ல வேண்டுமானால் போடாவிட்டால் என்ன விளையும் என்று தெரிந்திருக்க வேண்டாமா, அதற்காகத்தான். விதைப்பார்கள், தண்ணீர் விடுவார்கள், முழங்கால் உயரத்துக்கு வெளுத்துப்போய் வருகிற பயிரை எடைபோட்டு எழுதிக்கொள்வார்கள், காய்ந்த தாளைக்கூட மண்ணுக்கு விட்டுவைக்காமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பேராசிரியர்கள் அதை ஒப்பீட்டுப் பாத்தி என்றார்கள், வேலைக்கு வரும் பெண்கள் பட்டினிப் பாத்தி என்றார்கள். அதற்குள் இறங்குமுன் காலையும் களைக்கொத்தையும் சொம்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பக்கத்துப் பாத்தி எருவில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அத்தனை வருஷப் பட்டினியும் பாழ். எந்த நாள் வேலையும் ஒன்பதில் தொடங்கி மற்றதுக்குப் போக வேண்டும், மற்றதிலிருந்து ஒன்பதுக்குத் திரும்பக் கூடாது. சாமி குடியிருக்கும் இடத்துக்குக்கூட இவ்வளவு ஆசாரம் நான் பார்த்ததில்லை.

மண் வாய் திறந்ததென்றால் உலகமே கிடுகிடுத்திருக்கும் என்று நினைப்பீர்கள். படித்தவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியவில்லை. பூச்சியியல் துறையிலிருந்து வந்து இது சில்வண்டு அல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள், பொறியியல் துறையிலிருந்து வந்து மோட்டார் சத்தம் அல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள், மூன்று பேர் கொண்ட குழு ஒன்று குடை பிடித்து நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, சொல்வது ஒன்பதாம் பாத்திதான், சொல்லும் சொல் பசிக்குது என்பதுதான் என்று கையெழுத்துப் போட்டது. அதோடு ஆச்சரியம் முடிந்து வேலை தொடங்கிவிட்டது. விடுதி மாணவர்கள் அதைப் பதிவுசெய்து செல்போன் மணியாக வைத்துக்கொண்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்க அரிசியும் விறகுமாக வந்தபோது, சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அமைச்சர் ஒருவர் வந்து, பாத்தி சொன்னதைத் துண்டை மடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டு, ஆவன செய்வதாக அதனிடமே வாக்குக் கொடுத்துவிட்டு, விருந்தினர் மாளிகைக்குச் சாப்பிடப் போனார். பிறகு விதிகள் வந்தன: பாத்திக்கு நூறடிக்குள் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது, பறவை எச்சமிடாதபடி மேலே வலை கட்ட வேண்டும், பாத்திக்குள் நின்று யாரும் அழக் கூடாது, கண்ணீரில் உப்பு இருக்கிறது. களை எடுக்கும் பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் உள்ளே இறங்கினார்கள்.

முத்திருளாயி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது, இன்னும் தலைப்பு கிடைக்கவில்லை. மண்ணியல் துறைத் தலைவர் கனகசபாபதி யாரையும் ஒருமையில் அழைக்காத, குரல் உயர்த்தாத மனிதர். அவர் ஒன்பதாம் பாத்தியை முதலில் வேறு இரண்டு பேருக்குத்தான் கொடுத்தார். ஒருவன் விடுதியில் தட்டைப் பார்த்தாலே வாந்தியெடுத்து ஒரே மாதத்தில் ஊருக்குப் போய்விட்டான், இன்னொருத்தி அழுது மன்றாடித் தென்னை ஆராய்ச்சிக்கு மாறிக்கொண்டாள். மூன்றாவதாகத்தான் இவளைக் கூப்பிட்டார்.

"உங்களால முடியுமாம்மா? தூக்கம் கெடாதே?"

"கெடாது சார்."

அவள் பொய் சொல்லவில்லை. கமுதிப் பக்கம் அவள் ஊர். மழை பொய்த்த ஒரு வருஷம் அம்மா விடியுமுன் விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள், எட்டு வயது இருளாயி கைக்குழந்தைத் தம்பியோடு வீட்டில் இருப்பாள். "காது கேக்காத மாதிரி இருத்தா, அழுதழுது தூங்கிருவான்" என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். இருளாயி அந்தப் பாடத்தைக் கெட்டியாகப் படித்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பயன்பட்ட முதல் படிப்பு அதுதான், என்ன சொல்ல.

"மூணு போகம், போகத்துக்குத் தொண்ணூறு நாள்," என்றார் கனகசபாபதி. "ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நேரம், மண்ணோட ஈரம், சத்தம் எத்தனைங்கறத குறிப்பேட்டுல எழுதணும். சத்தத்துக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மதிப்பு. பேனாவுலதான் எழுதணும், அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. ஒன்பது கெட்டுதுன்னா உங்க பட்டமும் கெட்டுதுன்னு அர்த்தம்மா. வேற தலைப்பு எங்கிட்ட இல்லை."

முதல் போகத்தில் அவள் குறிப்பேட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பதினொன்று பத்துக்குப் பாத்தி சொல்லும், பதினொன்று பத்துக்கு அவள் எழுதுவாள். வாரம் ஒருமுறை மண்ணைக் குடைந்தெடுத்து, நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, சலித்து, வட்டமாகப் பரப்பி நாலாய்ப் பிரித்து எதிரெதிர் ரெண்டைத் தள்ளி, மறுபடி பரப்பி மறுபடி தள்ளி, கடைசியில் மிஞ்சுகிற ஒரு பிடியைக் கொண்டுபோய் ஆய்வகத்தில் சத்துப் பார்ப்பாள். தழைச்சத்து இறங்க இறங்கச் சத்தம் ஏறுகிறது என்று கண்டுபிடித்தாள். வரைபடம் போட்டால் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன, வெளியூர்க் கருத்தரங்கில் அதைக் காட்டியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளும் மனதார சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படக் கூடாதா, மூன்று தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண் அவள்.

அந்தப் போகம் முழுக்க அவளுக்குச் சோறு போட்டவள் மாராத்தாள். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. நூறடி தள்ளி நாவல் மரத்தடியில் மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தால் மாராத்தாள் முதல் உருண்டையை இவள் கையில்தான் வைப்பாள், மோர்ச்சோறு, தொட்டுக்கொள்ளச் சுண்டவத்தலோ எலுமிச்சை ஊறுகாயோ. மரத்தடிக்கும் பாத்திக் குரல் கேட்கும்.

"ஏனுங் அம்மிணி," என்பாள் மாராத்தாள், "அதுக்கு ஒரு வாய் குடுத்தா ஊரே அழிஞ்சு போயிருமாக்கும்?"

"குடுக்கக் கூடாதுக்கா. குடுத்தா எம்படிப்புப் போச்சு."

"அறுவத்தி மூணு வருசம் சும்மா கெடந்துட்டு இப்பப் போயிக் கேக்குதுன்னா, அதால முடியலைன்னுதானுங் அர்த்தம்?"

"நீங்க சாப்புடுங்கக்கா," என்று இருளாயி இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டுவாள்.

இரண்டாம் போகத்தின் நடுவில் பாத்தி பேசுவதை நிறுத்திவிட்டது. நாலு நாள் பதினொன்று பத்து வந்து போயிற்று, பேனா மூடி கழற்றினபடியே நின்றது. ஐந்தாம் நாள் வடகிழக்கு மூலையில் நாலைந்து பயிர் மட்டும் கரும்பச்சையாய் ஓங்கி நிற்பதை இருளாயி பார்த்தாள். குழாயைச் செருகி மண்ணெடுத்து உள்ளங்கையில் பிடித்தாள். ஒன்பதாம் பாத்தி மண் எத்தனை அழுத்திப் பிடித்தாலும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும், இது பிடி நின்றது. புளித்த மோர் வாசம் அடித்தது. விரலால் உடைத்தபோது உள்ளே ஒரு சோற்றுப் பருக்கை இருந்தது.

"நாந்தானுங்," என்று மாராத்தாள் கேட்குமுன்பே சொல்லிவிட்டாள். "எல்லாரும் மரத்தடிக்குப் போனப்பறம் கால் கழுவற சொம்புலயே கரைச்சு ஊத்துனனுங். பத்துப் பதினஞ்சு நாளா. மொத நாளு, ஊத்த ஊத்த உறிஞ்சிச்சுங் அம்மிணி, ஒரு சொட்டு தங்கல. பாத்தப்போ எனக்குப் பால் சுரந்த மாதிரி இருந்துச்சுங்."

"என் வயித்துல அடிச்சிட்டீங்களேக்கா!"

"சொல்லிராதீங் அம்மிணி. இனி ஊத்த மாட்டனுங். உங்கமேல ஆணையா ஊத்த மாட்டனுங். இந்தக் கூலிய விட்டா எனக்கு வேற நாதியில்ல."

"சொல்லலக்கா," என்றாள் இருளாயி. சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னாள். விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள்: தான் சொல்லாவிட்டாலும் ஆய்வகத்தில் கரிமச்சத்து சொல்லிவிடும், அப்போது கெடுத்தவள் மாராத்தாள் இல்லை, மறைத்தவள் இருளாயி என்றாகிவிடும். மறுநாள் காலை துறைத் தலைவர் அறைக்கதவைத் தட்டினாள். அவர் சத்தம் போடவில்லை. "யாரும்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் மாராத்தாள் பெயரைச் சொன்னாள், நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

மாராத்தாளை அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். போகும்போது தூக்குப்போசியை நாவல் மரத்தடியில் வைத்து, "சாப்புட்டுட்டுக் களுவி வெச்சிருங் அம்மிணி, அப்பறமா வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காட்டிக்கொடுத்தது யாரென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் வைத்துவிட்டுப் போனாள். இருளாயி சாப்பிட்டாள், பசி.

"தின்னதை எடுத்துட்டா பழைய நிலைக்கு வந்துரும்மா," என்றார் கனகசபாபதி. வடகிழக்கு மூலையில் நாலடிக்கு நாலடி, ஒரு முழ ஆழம், மோர்ச்சோறு இறங்கின மண் முழுவதையும் தோண்டி மூட்டை கட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. கடப்பாரையும் மண்வெட்டியும் வந்தன. வேலைக்காரப் பெண்கள் ஐந்து பேரும் வரப்பில் நின்றுகொண்டார்கள்.

"வாயிலிருக்கற சோத்தப் புடுங்கச் சொல்றீங்க," என்றாள் ஒருத்தி. "எங்களால ஆகாதுங்க. கூலி இல்லீன்னாலும் சேரி."

அதனால் இருளாயியே இறங்கினாள். காலைக் கழுவிக்கொண்டாள், கடப்பாரையைக் கழுவிக்கொண்டாள், ஓங்கிப் போட்டாள். முதல் குத்துக்கு ஒன்றும் இல்லை, இரண்டாம் குத்துக்கு ஒன்றும் இல்லை, மூன்றாம் குத்துக்குப் பாத்தி "அம்மிணி" என்றது. வரப்பில் நின்ற பெண்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாராத்தாள் வாயிலிருந்து அது கற்றுக்கொண்ட சொல் அது, இத்தனை நாள் யாரை அப்படிக் கூப்பிட்டாளோ அவளையே கூப்பிட்டது. இருளாயி காது கேட்காத மாதிரி இருந்தாள். பொழுது சாய்வதற்குள் முப்பத்தோரு மூட்டை கட்டி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதித் தொங்கவிட்டுவிட்டுத்தான் கரையேறினாள்.

அடுத்த நாளிலிருந்து பாத்தி மறுபடி பேசியது. "அம்மிணி, பசிக்குது" என்றது. இரண்டாம் போகம் தப்பியது. கனகசபாபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆளைப் பாத்துக் கூப்பிடுதும்மா! இது ஒரு தனி அத்தியாயம்," என்று குறிப்பேட்டில் இன்னொரு கட்டம் போடச் சொன்னார்.

மூன்றாம் போகத்தில் குரல் இறங்க ஆரம்பித்தது. சத்து இறங்க இறங்கச் சத்தம் ஏறும் என்று அவள் போட்ட கோடு தலைகீழாகத் திரும்பியது. நாலு மூன்றானது, மூன்று இரண்டானது, அறுபதாம் நாள் ஒன்றானது, எழுபதாம் நாளோடு நின்றுபோனது. யாரும் எதையும் ஊற்றவில்லை. அவளே நாலு மூலையிலும் மண்ணெடுத்துப் பார்த்துவிட்டாள், பொலபொலவென்று உதிர்ந்தது. எவ்வளவு நாளைக்குத்தான் கேட்கும்?

"ஒரு வாரம் விட்டுப் போச்சுன்னா எப்படியோ சமாளிச்சுக்கலாம்," என்றார் கனகசபாபதி. "அதுக்கு மேல போச்சுன்னா மூணாம் போகம் செல்லாதும்மா. நாலாவதுக்கு அனுமதி கிடையாது. நீங்க ஊருக்குப் போயி வேற ஏதாவது பாத்துக்க வேண்டியதுதான்."

ஊருக்குப் போய் எதைப் பார்ப்பது, கரிமூட்டத்தையா? இருளாயி சாப்பாட்டை மறந்தாள். வலைக்கடியில் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்துக் கிடந்தாள். ஒரு நாளும் அதற்குப் பதில் சொல்லாதவள், "பசிக்கலையா? உனக்குப் பசிக்கலையா?" என்று கேட்டாள். "ஒரே ஒரு தடவ சொல்லு, எஞ் சாமில்ல" என்று கெஞ்சினாள். கண்ணீர் முட்டியபோது மட்டும் எழுந்து வரப்புக்கு வந்து அழுதாள், விதியை மீறவில்லை. வரப்பு முழுக்க உப்புப் பூத்தது என்று வேலைக்காரப் பெண்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் காலை பதினொன்று பத்து. குறிப்பேட்டை மடியில் விரித்துக்கொண்டு, மூடி கழற்றின பேனாவோடு, பாத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பையில் விடுதியில் கட்டிக்கொண்டுவந்த தயிர்ச்சோறு அப்படியே இருந்தது.

"அம்மிணி, பசிக்குது."

அப்பாடா! உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று அவளுக்கு. நேரம் எழுதினாள், ஈரம் எழுதினாள், கூப்பிட்டதா என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதினாள், எழுதி முடித்த பிறகுதான் சத்தம் முன்னாலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வந்தது என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மாராத்தாள் நின்றுகொண்டிருந்தாள். ஜாக்கெட் தோளிலிருந்து வழிந்தது, கழுத்தெலும்புக் குழியில் ஆழாக்கு அரிசி போடலாம்.

"நாந்தானுங் அம்மிணி, அது இல்லீங்," என்று சிரித்தாள். "போசி வாங்கீட்டுப் போலாம்னு வந்தனுங். பாத்தியக் கெடுத்தவன்னு சுத்துவட்டாரத்துல ஒரு தோட்டத்துலயும் என்னைய ஏத்துக்கறதில்ல. தலைவரய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெய்யிங் அம்மிணி. ரெண்டு நாளாச்சுங், பச்சத்தண்ணியத் தவுத்து ஒண்ணும் எறங்குல."

இருளாயி குறிப்பேட்டைப் பார்த்தாள். பேனாவில் எழுதியது. அடித்தல் திருத்தல் கூடாது. சத்தம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. போகம் முடிய இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி.

கை பைக்குள் போனது, உள்ளதைச் சொல்ல வேண்டும், தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைத் தொட்டது. தொட்டு, அதன் குளிர்ச்சியை விரல் உணர்ந்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"அக்கா," என்றாள், "இன்னொருக்கா சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

"என்னதுங்?"

"இப்பச் சொன்னீகல்ல, அதத்தான். இங்கிட்டு வாங்க, வேலியோரமா நின்னு சொல்லுங்க."

மாராத்தாள் அவளைப் பார்த்தாள், மடியில் விரிந்திருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள், வாய் மூடிக் கிடந்த பாத்தியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்த வயலில் வேலை பார்த்தவளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாத்தியைப் பார்த்தபடி, இன்னொரு தரம் சொன்னாள். இருளாயி தலையைச் சாய்த்துக் கேட்டு, மூன்று என்று எழுதினாள்.

"சார்கிட்ட நான் சொல்லுறேன்க்கா, வேலைய வாங்கித் தாரேன்," என்றாள். "இன்னும் பதிமூணு நாளு, இதே நேரத்துக்கு வந்துருங்க. ஒரு நாளும் தவறக் கூடாது."

"வந்தர்றனுங்."

இருளாயி பேனாவை மூடினாள். ஒரு கணம் யோசித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சாப்புட்டுட்டு வந்துறாதீகக்கா. சத்தம் கொறஞ்சிரும்."

மாராத்தாள் தலையாட்டினாள்.

"அதுக்கென்னங் அம்மிணி," என்றாள், "அது ஒண்ணும் செரமமில்லீங்."